கிளிமூக்கும் கோணல்மூக்கும்

கோழியின் மூக்கைப் பற்றி ஒரு நாவலாசிரியன் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் ஒரு வருஷத்துக்கு முன்பு அப்படித்தான் கேட்டிருப்பேன். ஆனால் மூக்குக் கோணலான குஞ்சுகளைப் பெற்ற கோழியை மறுபடி அடை வைக்கலாமா, கூடாதா என்பது நான் குடியிருக்கும் நெம்மேலியில் இப்போது சாதாரண விவகாரமாக இல்லை. இரண்டு வீட்டுக்காரர்கள் இதைப் பற்றிப் பேசிப் பேசி மனஸ்தாபமே வந்துவிட்டது. அதில் ஒரு வீட்டுக்காரன் நான்.

கூடாது என்பது என் கட்சி. அதைச் சுற்றிவளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அலகு என்பது புத்தகத்துச் சொல். கோழி வளர்ப்பவர்கள் மூக்கு என்றுதான் சொல்லுகிறார்கள். நானும் அப்படியே எழுதப் போகிறேன். தமிழ்ப் பண்டிதர்கள் மன்னிக்க வேண்டும். கோழிக்கு மூக்கும் அதுதான், வாயும் அதுதான், கையும் அதுதான் என்பதை நினைத்தால், எந்தச் சொல்லைப் போட்டாலும் முக்கால் பங்கு விட்டுப்போகத்தான் செய்யும்.

கிளிமூக்குச் சேவல் என்று ஒரு ஜாதி இருக்கிறது. சண்டைச் சேவலான அசில் வர்க்கத்திலிருந்து பிரித்து எடுத்து, அழகுக்கென்றே தமிழ்நாட்டில் வளர்த்த ஜாதி. திண்டுக்கல், சேலம், நாமக்கல் வட்டாரங்களில் இதற்குப் பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. கண்காட்சிகள் நடக்கின்றன, கோப்பைகள் கொடுக்கிறார்கள், வென்ற சேவலுக்கு லட்சக்கணக்கில் விலை பேசப்பட்டதாகப் பத்திரிகைகளில் படத்தோடு செய்தி வருகிறது. மயில், பீலா, யாகூத், ஜாவா என்று நிறத்துக்கொரு பெயர். வால் விசிறியைப் போல் நீண்டு தரையைத் தொட வேண்டும். கொண்டை சின்னதாகத் தலையோடு படிந்திருக்க வேண்டும். கண் வெளுத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக மூக்கு குட்டையாய், தடித்து, கிளியின் மூக்கைப் போலக் கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். அசில் என்ற சொல்லுக்கே கலப்பில்லாதது, அசலானது என்றுதான் பொருள். அந்த அசலை எடுத்துக்கொண்டு அதற்கு வேறொரு பறவையின் மூக்கை ஒட்டப் பார்ப்பதில் உள்ள வேடிக்கை யாருக்கும் தோன்றாமல் போனது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியந்தான்.

சேவல் அழகாக இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். காலை வெயிலில், சவுக்குத் தோப்பு ஓரமாக, கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு அது நடக்கும்போது பார்த்திருக்கிறேன். ராஜபார்ட் வேஷம் கட்டின நடிகனும் அப்படி நடக்க மாட்டான். மூக்கு மிதமாக வளைந்த சேவல் எல்லாக் கோழியையும் போலக் கொத்தித் தின்கிறது. அதனோடு எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. என் வழக்கெல்லாம், "இன்னும் கொஞ்சம் குட்டை, இன்னும் கொஞ்சம் வளைவு" என்று ஆண்டுக்காண்டு திருகிக்கொண்டே போகும் மனிதனோடுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வீட்டுக்காரர் நல்ல மனிதர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். திண்டுக்கல் பக்கம் போய் ஒரு சேவலும் பெட்டையும் வாங்கிவந்தார். விலையை அவர் தம் தாயாரிடம் கூடச் சரியாகச் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார், நானும் இங்கே சொல்லப் போவதில்லை. முதல் ஈட்டு முட்டையில் ஒன்றும் தவறில்லை. இரண்டாவது ஈட்டில் ஒரு குஞ்சுக்கு மேல்மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மூன்றாவது ஈட்டில் பதினொரு குஞ்சு பொரித்து மூன்றுக்குக் கோணல். அதில் ஒன்றுக்கு மேல்மூக்கு இடது பக்கமும் கீழ்மூக்கு வலது பக்கமுமாக, மடக்காமல் வைத்த கத்திரிக்கோல் போல விலகியிருந்தது.

பொரித்த அன்று பார்த்தால் இது பெரிதாகத் தெரியாது. ஒரு நூல் அளவு விலகியிருக்கும். கோழியின் மூக்கு நம் நகத்தைப் போல வளர்ந்துகொண்டே இருப்பது. மேல்மூக்கும் கீழ்மூக்கும் ஒன்றோடொன்று பொருந்தி, மண்ணிலும் கல்லிலும் கொத்திக் கொத்தித் தேய்வதால்தான் அது அளவோடு நிற்கிறது. பொருந்தாத மூக்கு தேய்வதில்லை. தேயாத மூக்கு மேலும் விலகி வளர்கிறது. மூன்றாவது வாரத்தில் அந்தக் குஞ்சைப் பார்த்தேன். தட்டில் நொய் நிறைய இருந்தது. மற்றக் குஞ்சுகள் 'டக் டக்'கென்று கொத்திக்கொண்டிருந்தன. இதுவும் அவற்றோடு கூடவே கொத்தியது. அவற்றைவிட வேகமாகவே கொத்தியது. ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு மணி நொய் மூக்கின் இடுக்கிலே ஏறி, தலை நிமிரும்போது பக்கவாட்டில் விழுந்தது. நான் அங்கே நின்ற நேரம் முழுவதும் அது ஓயவில்லை. அதன் இரைப்பையைத் தடவிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. சோற்றின் நடுவில் நின்றுகொண்டு அது பட்டினி கிடந்தது. நான்கு நாள் கழித்துச் செத்துப்போயிற்று.

அடுத்த வீட்டுக்காரரின் தாயார், எண்பதைத் தாண்டியவர், திண்ணையிலிருந்து சொன்னார்: "வாயில்லா ஜீவன்னு சொல்லுவாங்க. நீங்க நெசமாவே வாயில்லாம பண்ணிட்டீங்களேடா!"

இவ்வளவு ஆன பிறகும் அதே சேவலையும் அதே பெட்டையையும் நான்காவது தடவையாகச் சேர்க்க வேண்டும் என்கிறார் மகன். காரணம், அந்த மூன்றாவது ஈட்டில் மிச்சம் இருந்த எட்டுக் குஞ்சில் இரண்டுக்கு மூக்கு அபாரமாக அமைந்துவிட்டது. வியாபாரி ஒருவர் வந்து பார்த்து, நல்ல விலை சொல்லிப் போயிருக்கிறார். "மூணு போனாலும் ரெண்டு நிக்குது சார். லாட்டரியிலே இவ்வளவு விழுமா?" என்று என்னைக் கேட்டார்.

லாட்டரி என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. நம் சீட்டுக்கு நம் காசு போனால் அது லாட்டரி. குஞ்சின் உயிர் போனால் அதற்கு வேறு பெயர்.

எதிர்க்கட்சியின் வாதங்களை நான் மறைக்க விரும்பவில்லை. முதல் வாதம் நியாயமானது. மூக்குக் கோணலுக்குப் பரம்பரை ஒன்றே காரணமா என்கிறார்கள். இல்லைதான். முட்டையில் இருக்கும்போது சூடு ஏறி இறங்கினாலும், தாய்க்கோழியின் தீனியில் சில சத்துக்கள் குறைந்தாலும் மூக்குக் கோணும். பயோட்டின் என்ற உயிர்ச்சத்தோ மாங்கனீஸ் என்ற தாதுவோ போதாத பெட்டையின் முட்டைக்குள்ளே குஞ்சுக்குக் கால் எலும்பு குட்டையாகி, மூக்கு வளைந்துபோவதைக் கோழி வைத்தியப் புத்தகங்கள் பல காலமாக எழுதிவருகின்றன. அந்த வளைந்த மூக்குக்கு அந்தப் புத்தகங்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? கிளிமூக்கு! ஒரு வீட்டில் வியாதியின் அடையாளம். இன்னொரு வீட்டில் கோப்பை வாங்கித் தரும் லட்சணம். இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. தீனிக் குறையால் வருவது வேறு, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வருவது வேறு. ஆனால் வைத்தியர் பார்த்துப் பயப்படும் ஒரு வடிவத்தை நாம் பார்த்துக் கைதட்டுகிறோம் என்பதாவது நினைவில் இருக்க வேண்டும்.

ஆகவே, ஒரு ஈட்டில் ஒரு குஞ்சுக்குக் கோணினால் பெட்டையைக் குற்றம் சொல்லாதீர்கள். தீனியைப் பாருங்கள். கருவாட்டுத் தூளும் கீரையும் சேருங்கள். அடை வைத்த இடத்தைப் பாருங்கள். அடுத்த வீட்டுக்காரர் இதையெல்லாம் செய்தார். அதை நான் மறுக்கவில்லை. செய்த பிறகும் அதே ஜோடிக்கு மறுபடி, முன்னைவிட அதிகமாக வந்தது. அதே முற்றத்தில், அதே தீனி தின்னும் நாட்டுக்கோழிகளின் குஞ்சுக்கு ஒன்றுக்குக் கூடக் கோணவில்லை. அப்போது சந்தேகம் எங்கே போய் நிற்க வேண்டும்? ஸ்விட்சர்லாந்தில் அப்பென்செல் என்ற மலைநாட்டில் தாடி வைத்த ஒரு நாட்டுக்கோழி ஜாதி உண்டு. எண்ணிக்கை குறைந்து, சொற்பக் கோழிகளையே தங்களுக்குள் சேர்த்துச் சேர்த்து வளர்த்த ஜாதி அது. அதில் மூக்குக் கோணல் அடிக்கடி தலைகாட்டியதால் அங்குள்ள கால்நடை விஞ்ஞானிகள் அதை ஆராயவே ஆரம்பித்தார்கள். நம் கிளிமூக்கு ரசிகர்களும் பேர்பெற்ற ஒரு சேவலின் வாரிசையே அதன் வாரிசோடு சேர்க்கிறார்கள். 'ரத்தம் கெடக் கூடாது' என்பது அதற்குச் சொல்லும் காரணம். ரத்தம் அப்படித்தான் கெடுகிறது.

இதில் இன்னொரு சூக்ஷ்மம் இருக்கிறது. கோணல் மூக்குக் குஞ்சு எப்படியும் பெரும்பாலும் செத்துப்போகும்; அது பெருகப் போவதில்லை. பெருகப் போவது அதன் கூடப் பிறந்த அழகன்தான். கோணல் ஒரே ஒரு மறைந்த குணத்தால் வருவது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அதே ஈட்டில் நேராகப் பிறந்த குஞ்சுகளில் மூன்றுக்கு இரண்டு அந்தக் குணத்தை வெளியே காட்டாமல் உள்ளே வைத்திருக்கும். உண்மையில் விஷயம் இதைவிடச் சிக்கலானது. பல குணங்கள் சேர்ந்து செய்கிற வேலையாகவே தோன்றுகிறது. சிக்கல் அதிகமானால் எச்சரிக்கையும் அதிகமாக வேண்டும் அல்லவா? வியாபாரி அந்த இரண்டு அழகர்களையும் வாங்கிக்கொண்டு போய் நாலு ஊரில் விற்பார். வாங்குகிறவரிடம், "இதன் உடன்பிறப்பு மூன்று கோணலாகப் பிறந்தது" என்று யாரும் சொல்லப் போவதில்லை. குதிரை விற்பவன் குதிரையின் பல்லைக் காட்டுவான். அதன் தம்பியின் பல்லைக் காட்டுவானா?

இரண்டாவது வாதம் லட்சணத்தைப் பற்றியது. "ஒவ்வொரு ஜாதிக்கும் ஒரு லட்சணம். அதைக் கெட்டிப்படுத்துவதுதான் வளர்ப்பவன் வேலை" என்கிறார்கள். கெட்டிப்படுத்திக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேலான சாட்சி இருக்கிறது. இங்கிலாந்தில் கர்ணப் புறா வளர்ப்பவர்கள் குட்டை மூக்குக்கு ஆசைப்பட்டார்கள். வருஷா வருஷம் இன்னும் குட்டை, இன்னும் குட்டை என்று பொறுக்கினார்கள். கடைசியில் உயர்ந்த ரகப் புறாக் குஞ்சுகளில் முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வருபவற்றைவிட உள்ளேயே செத்துப்போகிறவை அதிகமாகிவிட்டன. வளர்ப்பவர்களே உட்கார்ந்து முட்டையோட்டை உடைத்துக் கொடுக்கும்படி ஆயிற்று. இதை எழுதிவைத்தவர் ஜீவகாருண்ய சங்கத்துக்காரர் யாரும் அல்ல, சார்லஸ் டார்வின். 1859-ல் வெளிவந்த அவருடைய பிரசித்தமான புத்தகத்திலேயே இந்த விஷயம் இருக்கிறது. டார்வின் புறா வளர்த்தவர். புறா வளர்ப்பவர்களின் சங்கங்களில் சேர்ந்து அவர்களோடு உட்கார்ந்து பேசினவர். அவர்களை அவர் திட்டவும் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

புறாக் குஞ்சுக்கும் கோழிக் குஞ்சுக்கும் மேல்மூக்கின் நுனியில் ஒரு சின்னக் கொம்பு உண்டு. இருபத்தோராவது நாள் கோழிக் குஞ்சு அதைக்கொண்டுதான் ஓட்டைத் தட்டித் திறக்கிறது. பிறந்த சில நாட்களில் அது உதிர்ந்துவிடும். உலகத்துக்குள் வருவதற்கென்று கொடுத்த ஒரே ஒரு திறவுகோல். மூக்கைத் திருகும்போது அந்தத் திறவுகோலையும் சேர்த்துத்தான் திருகுகிறோம்.

மூன்றாவது வாதத்தை என் நண்பர் ஒருவர் கொண்டுவந்தார். படித்தவர், பறவை பார்ப்பவர். "இயற்கையிலும் கோணல் இல்லையா? வேடந்தாங்கலுக்குப் போய் நத்தைகுத்தி நாரையைப் பாருமேன்" என்றார். பார்த்திருக்கிறேன். நம் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே இருக்கிற வேடந்தாங்கலில் அது கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டுகிறது. அதன் மூக்கை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும்; மூடவே மூடாது. அறியாதவர் பார்த்தால் ஐயோ பாவம் என்பார்கள். ஆனால் அந்த மூக்கைக்கொண்டு அது சேற்று நத்தையைப் பிடித்து, ஓட்டுக்குள்ளிருந்து சதையை எடுத்துத் தின்கிற லாகவம் இருக்கிறதே, நேர்மூக்கு நாரைக்கு அது வராது. இதில் அதிசயம் என்னவென்றால், நத்தைகுத்தியின் குஞ்சு நேர்மூக்கோடுதான் பிறக்கிறது. வளர வளரத்தான் அந்தச் சந்து விழுகிறது. அது ஊனமல்ல, தொழிலுக்கு ஏற்ற ஆயுதம்.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் பக்கத்து ஊரான வடநெம்மேலியில் 1976-லிருந்து முதலைப் பண்ணை இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிறவர்கள் எல்லாம் அங்கே ஒரு தடவை இறங்காமல் போவதில்லை. அங்கே கங்கைக் கரை முதலை இருக்கிறது. மூஞ்சி ஒரு முழக் குச்சியைப் போல ஒல்லியாக நீண்டிருக்கும். குழந்தைகள் பார்த்துச் சிரிக்கும். தண்ணீருக்குள் பக்கவாட்டில் வீசி மீனைப் பிடிக்கிற மூஞ்சி அது. அகன்ற மூஞ்சியாக இருந்தால் தண்ணீர் தடுக்கும். நாரைக்கும் முதலைக்கும் அந்த வடிவத்தைக் கொடுத்தது பசி. நம் சேவலுக்கு அந்த வடிவத்தைக் கொடுத்தது பரிசுக் கோப்பை. முதலதால் ஜீவன் பிழைக்கிறது. இரண்டாவதால் யார் பிழைக்கிறார்கள்?

"இது நம் பாரம்பரியம்" என்ற வாதத்துக்கு வருகிறேன். இந்தச் சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எல்லோரும் எழுந்து நின்றுவிடுகிறார்கள். நானும் நிற்கிறேன்; நின்றுகொண்டே பேசுகிறேன். தமிழனுக்கும் சேவலுக்கும் உள்ள உறவு சாமானியமானதல்ல. முருகன் கொடியில் சேவல். உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர். யானையை ஒரு கோழி எதிர்த்து விரட்டிய இடம் என்று கதை. குப்பைமேட்டில் தாமாகவே சண்டையிடும் கோழிகளை உவமை சொன்னதற்காகவே ஒரு சங்கப் புலவருக்குக் குப்பைக்கோழியார் என்று பெயர் வந்தது, குறுந்தொகையில் இருக்கிறார். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்திலும், இன்னும் இந்தளூரிலும் சேவலுக்கு நடுகல் எடுத்திருக்கிறார்கள். வீரனுக்கு நடுவது போலக் கல் நட்டு, சேவலின் உருவத்தைச் செதுக்கி, எந்தச் சேரியின் கோழி என்று வட்டெழுத்தில் வெட்டிவைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக் கல். உலகத்தில் வேறு எந்தத் தேசத்தில் ஒரு கோழிக்கு இந்த மரியாதை நடந்திருக்கிறது?

ஆனால் அந்தக் கல்லை நட்டவர்கள் எதற்காக நட்டார்கள்? சேவலின் முக லட்சணத்துக்காகவா? அது நின்று போராடியதற்காக. சேவல் சண்டையை நான் ஆதரிக்கவில்லை. காலில் கத்தி கட்டி விடுவதைக் கண்கொண்டு பார்க்கவும் மாட்டேன். ஆனால் சண்டைக்கு வளர்த்தவனிடம் ஒரு கட்டாயம் இருந்தது: தின்ன முடியாத சேவல் சண்டை போட முடியாது. மூக்குக் கோணினால் களத்தில் தோற்றுப்போகும். அதன் வர்க்கம் அங்கேயே நின்றுவிடும். கிளிமூக்கை வளர்ப்பவர்கள் அதைச் சண்டைக்கு விடுவதில்லை. ரத்தம் சிந்தாத போட்டி என்று பெருமைப்படுகிறார்கள். அது மெச்ச வேண்டிய காரியந்தான். ஆனால் களம் போட்டுவந்த சோதனையும் கூடவே போய்விட்டது. அதன் இடத்தில் வேறு சோதனை ஒன்றும் வைக்கவில்லை. இப்போது நடுவர் சேவலைக் கையில் எடுத்துப் பார்க்கிறார், வாலை அளக்கிறார், மூக்கைப் பார்க்கிறார், இறக்கி விடுகிறார். அது தின்கிறதா என்று பார்ப்பதில்லை.

"ஒரு குஞ்சுக்காக அழுகிறீரே, நாமக்கல்லில் போய்க் கேளும்" என்றும் சொன்னார்கள். கேட்கிறேன். நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டை அனுப்புகிற அந்த ஊர்ப் பண்ணைகளில், நெருக்கிய கூண்டுகளில் கோழிகள் ஒன்றையொன்று கொத்தாமல் இருப்பதற்காகச் சூடான தகட்டில் வைத்து மூக்கு நுனியை வெட்டுகிறார்கள். இது வெறும் நகம் வெட்டுவது போலத்தான் என்று ரொம்ப நாள் சொல்லிவந்தார்கள். அப்படி இல்லை. மூக்கு நுனியில் நரம்புகள் நிறைந்திருக்கின்றன; கோழி அதைக்கொண்டு தொட்டுப் பார்க்கிறது; நமக்கு விரல் நுனி மாதிரி. நார்வே தேசத்தில் 1974-லேயே இதைத் தடுத்துவிட்டார்கள். நாமும் தடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூக்கு இல்லாத கோழியால் இறகைக் கோத முடியாது. கோதாத கோழிக்குப் பேன் அடையும். அடுத்த வீட்டில் உயிரோடு இருக்கிற கோணல் மூக்குக் குஞ்சு இரண்டையும் தூக்கிப் பார்த்தால் இறக்கையடியில் பேன் ஊர்கிறது. நேர்மூக்குக் குஞ்சுகளுக்கு அப்படி இல்லை.

ஆனால் நாமக்கல்லைக் காட்டி நெம்மேலியை மன்னிக்கச் சொல்வது என்ன நியாயம்? பெரிய திருடன் இருப்பதால் சின்னத் திருடனை விட்டுவிட வேண்டுமா? இன்னொன்றும் உண்டு. கத்தியால் வெட்டின மூக்கு அந்தக் கோழியோடு போகிறது. அதன் குஞ்சு முழு மூக்கோடுதான் பிறக்கும். என்றைக்காவது சட்டம் வந்தால் மறுநாளே கத்தியைக் கீழே வைத்துவிடலாம். ரத்தத்திலே எழுதிய கோணலை எந்தச் சட்டத்தைக்கொண்டு அழிப்பது?

சட்டம் என்றவுடன் ஞாபகம் வருகிறது. எங்கள் கடற்கரைச் சாலை ஆரம்பிக்கிற திருவான்மியூரில்தான் கலாக்ஷேத்திரம் இருக்கிறது. அதை நிறுவிய ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல், ராஜ்ய சபையில் நியமன அங்கத்தினராக இருந்தபோது, வாயில்லாப் பிராணிகளுக்காகத் தனி மசோதா கொண்டுவந்தார். அதன் பலனாகத்தான் 1960-ல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த பிராணி நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவி. வாரியத்தின் காரியாலயமும் பல வருஷம் சென்னையில்தான் இருந்தது. 2018-ல்தான் ஹரியானாவுக்குப் போயிற்று. அந்தச் சட்டம் அடிப்பதைச் சொல்லுகிறது, பட்டினி போடுவதைச் சொல்லுகிறது, சண்டைக்குத் தூண்டுவதைச் சொல்லுகிறது. பட்டினி கிடக்கும்படியாகவே ஒரு ஜீவனைப் பிறப்பிப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஜெர்மானியர்கள் தங்கள் சட்டத்தில் அதற்கென்று ஒரு பிரிவே வைத்திருக்கிறார்கள்: சந்ததி வேதனைப்படும் என்று எதிர்பார்க்கக் கூடுமானால் அந்த ஜோடியைச் சேர்க்கக் கூடாது. ஒரு தட்டில் தீனியை நிறைத்துவைத்து, எடுக்க முடியாத வாயையும் கொடுத்தால், நான் அதைப் பட்டினி போட்டேனா இல்லையா? வக்கீல்கள் பதில் சொல்லட்டும்.

இந்தப் பக்கம் இப்படி என்றால், அந்தப் பக்கம் இரக்கத்தின் பெயரால் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சனி ஞாயிற்றில் பட்டணத்திலிருந்து வந்து போகிற ஓர் அம்மாள் என்னிடம் கோபித்துக்கொண்டார். "கோணலாய்ப் பிறந்தது அதன் தப்பா? அதற்கும் ஜோடி வேண்டும், குஞ்சு வேண்டும் என்று இருக்காதா? ஊனமுற்றவர்களைப் பார்த்து இப்படிச் சொல்வீர்களா?" என்று கேட்டார். சொல்ல மாட்டேன். சொல்லத் துணிந்தவர்கள் போன நூற்றாண்டில் மனிதர்களுக்கு என்ன செய்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மனிதர்கள் தங்கள் துணையைத் தாங்களே தேடிக்கொள்ளுகிறார்கள். அதில் மூன்றாம் மனிதனுக்கு வாயைத் திறக்க உரிமை கிடையாது. அடுத்த வீட்டுச் சேவல் தன் துணையைத் தேடவில்லை. எந்தப் பெட்டையை எந்தச் சேவலோடு எந்தப் பஞ்சாரத்தில் கவிழ்ப்பது என்று தீர்மானித்தவர் என் நண்பர். அவர் தீர்மானத்தால் வந்த பட்டினிக்கு அவர்தான் ஜவாப்தாரி.

பிறந்துவிட்ட கோணல் மூக்கை என்ன செய்வது என்பது வேறு கேள்வி. அதில் நான் அந்த அம்மாளின் கட்சிதான். ஆழமான கிண்ணத்தில் தவிட்டையும் கேழ்வரகு மாவையும் குழைத்து வைத்தால் மண்வெட்டி போல அள்ளித் தின்று பிழைக்கிற குஞ்சுகள் உண்டு. மற்றக் குஞ்சுகளோடு போட்டியில்லாமல் தனியாக வைக்க வேண்டும். வளர்ந்த நுனியை அவ்வப்போது, ரத்தம் வராமல், நகம் தேய்க்கிற அரத்தால் தேய்த்துவிட வேண்டும். பேனுக்குச் சாம்பலில் புரள விட வேண்டும். இவ்வளவும் செய்ய மனசும் நேரமும் உள்ளவர்கள் செய்யட்டும். அது முட்டையிட்டால் முட்டை அடுக்களைக்குப் போகட்டும், அடைக்குப் போக வேண்டாம். எவ்வளவு பராமரித்தும் தின்ன மாட்டாமல் துடிக்கிற குஞ்சைக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோய் அதன் கஷ்டத்தை முடித்துவிடுவதும் தப்பில்லை. இரக்கம் என்பது இந்தக் குஞ்சுக்குச் செய்வது. அடுத்த ஈட்டிலும் இதே மாதிரி மூன்று பிறக்கட்டும் என்று ஜோடி சேர்த்துவைப்பது இரக்கம் ஆகாது.

நான்காவது தடவை சேர்ப்பதைப் பற்றி நாங்கள் பேசி ஒரு முடிவுக்கு வரவில்லை. பெட்டையை வேறொரு சேவலோடு, சுத்தமான நாட்டுச் சேவலோடு, விட்டுப் பாருங்கள் என்றேன். "மூக்கு நீண்டுடும் சார், வர்க்கம் போயிடும்" என்றார். போகட்டும் என்றேன். அன்றைக்கு அவர் எனக்குக் காபி கொடுக்கவில்லை.

கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு என் யோசனை ஒன்று உண்டு. அதை அவரிடமும் சொன்னேன். வாலை அளங்கள், நிறத்தைப் பாருங்கள், கண்ணைப் பாருங்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோப்பையைத் தூக்கிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தட்டைக் கல்லைப் போடுங்கள். அதன்மேல் ஒரு பிடி கம்பைத் தூவுங்கள். கிண்ணம் கூடாது, குழைத்த மாவு கூடாது. தட்டைக் கல், உலர்ந்த கம்பு. சேவலை விடுங்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் பாருங்கள். அதற்குள் இரைப்பையில் கம்பு ஏறாத சேவலுக்கு, அது கிளியைவிடக் கிளியாக இருந்தாலும், பரிசு கிடையாது என்று நோட்டீஸிலேயே அச்சடித்துவிடுங்கள். அதன் தகப்பன் கூண்டிலும், பெற்ற பெட்டையின் கூண்டிலும் ஒவ்வொரு ஈட்டிலும் எத்தனை பொரித்தது, எத்தனை கோணியது என்று ஒரு சீட்டு எழுதித் தொங்கவிடச் சொல்லுங்கள். இரண்டு வருஷத்தில் வளர்ப்பவர்களே திருத்திக்கொள்வார்கள். என் போன்றவன் கட்டுரை எழுத வேண்டியிருக்காது.

அடுத்த வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் உண்மையான கவலையோடு சொன்னார்:

"அப்படி வெச்சா கண்காட்சியிலே பாதிச் சேவல் தோத்துடும் சார்!"